பிறர் நிலத்தின் வழியே ஒரு பொதுப் பாதை

(கூட்டுறவுக் கல்விப் பாடம்)

சங்கம் ஒன்றின் ஆஸ்திகளை எண்ணத் தொடங்கினால், கட்டடம், தறி, கிடங்கு, தராசு, பங்குத் தொகை, சேமநிதி என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகலாம். ஐந்தொகையில் எந்த இனத்தின் கீழும் எழுத இயலாத ஆஸ்தி ஒன்றும் உண்டு. அக்கம்பக்கத்தார் நம்மீது வைத்திருக்கும் நல்லெண்ணமே அது. அதைச் சேர்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இழப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். அந்த ஆஸ்தியை எவ்வாறு ஈட்டுவது, எவ்வாறு காப்பது, எந்தக் கட்டத்தில் அதனை எழுத்து வடிவத்திற்குக் கொண்டுவருவது என்பனவே இம்மாதப் பாடத்தின் பொருளாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாகக் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள 'புரூஸ் பாதை'யை எடுத்துக்கொள்வோம். அது வண்டி செல்லும் சாலை அன்று. ஒருவர் பின் ஒருவராக நடந்து செல்லும் ஒற்றையடிப் பாதை. நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள குவீன்ஸ்டன் என்னும் ஊரில் தொடங்கி, வடக்கே டோபர்மோரி என்னும் ஏரிக்கரை ஊர் வரையில் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தூரம் அது செல்கிறது. அதிலிருந்து பிரியும் கிளைப் பாதைகள் மேலும் 400 கிலோமீட்டருக்கு மேல் உள்ளன. இவ்வளவு நீண்ட பாதையை அமைத்தவர்களும், இன்றளவும் அதனைச் செப்பனிட்டு வருபவர்களும் ஊதியம் பெறாத தொண்டர்களே ஆவர். அவர்களுக்குத் துணையாக ஊதியம் பெறும் அலுவலர் சிலரும் இருக்கின்றனர். ஆயினும் வெட்டுக்கத்தியையும் வண்ணத்தூரிகையையும் ஏந்திப் பாதையில் இறங்குபவர் பெரும்பாலும் தொண்டரே.

இப்பாதையின் கணிசமான பகுதி, தொண்டர்களுக்குச் சொந்தமில்லாத நிலத்தின் வழியே செல்கிறது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். குடியானவரின் வயலோரம், மேய்ச்சல் நிலம், தனியாரின் காடு ஆகியவற்றின் ஊடே அது போகிறது. உரிமையாளர் 'வேண்டாம்' என்றால் பாதை அங்கே முடிந்துவிடும். அப்படியிருந்தும் அது அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருப்பது எவ்வாறு?

பாதை பிறந்த விதம்

ஒன்டாரியோவின் தென்பகுதியில் நீண்டதொரு பாறைமேடு உள்ளது. அதன் ஒருபுறம் செங்குத்தாக வெட்டிவிட்டாற்போல் இருக்கும். மறுபுறம் மெல்லச் சரிந்து செல்லும். 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆழமற்ற கடலாக இருந்த இடத்தில் படிந்து இறுகிய சுண்ணாம்பு இனப் பாறை அதன் மேற்பகுதியாகவும், எளிதில் உதிரும் களிப்பாறை அதன் அடிப்பகுதியாகவும் அமைந்துள்ளன. நயாகரா ஆறு அருவியாக விழுவதும் இம்மேட்டின் விளிம்பிலிருந்துதான். உச்சியிலே காடும், அடிவாரத்திலே பழத்தோட்டமும் வயலும், அவற்றையடுத்துப் பெருநகரங்களும் இருந்தமையால், வீடு கட்டுவோரும் கல் வெட்டுவோரும் இம்மேட்டை நாடிய வண்ணம் இருந்தனர்.

ஹாமில்டன் நகரத்து எஃகு ஆலை ஒன்றில் பணிபுரிந்து வந்த ரே லோஸ் என்னும் அன்பர், இம்மேட்டின் முழு நீளத்திற்கும் ஒரு நடைபாதை அமைத்தால் என்ன என்ற எண்ணத்தை 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். மக்கள் ஓர் இடத்தில் நடந்து பழகினால், அந்த இடத்தின்மீது அவர்களுக்குப் பற்று உண்டாகும். பற்று உண்டானால், அதனைக் காக்கவும் முன்வருவர் என்பது இத்தகைய முயற்சியின் அடிப்படையாகும். 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ரே லோஸ், பிலிப் காஸ்லிங், நார்மன் பியர்சன், ராபர்ட் மக்லாரன் ஆகிய நால்வர் கூடிப் பாதைக் குழுவின் முதற் கூட்டத்தை நடத்தினர். கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு, பெரிய ஸ்தாபனங்கள் சிறிய அறைகளில் பிறப்பது புதிய செய்தி அன்று.

பாதைக்கு வேண்டிய நிலம் குழுவிடம் இல்லை. நிலம் வாங்கப் பணமும் இல்லை. ஆகவே 1962ஆம் ஆண்டில் காஸ்லிங்கும் அவருடைய சிறு குழுவினரும் மேட்டோரத்து ஊர்களுக்குச் சென்று, வீடு வீடாக நில உரிமையாளர்களைக் கண்டு பேசினர். 'உங்கள் நிலத்தின் ஓரமாக மக்கள் நடந்து போக அனுமதி தருவீர்களா?' என்பதே அவர்களுடைய வேண்டுகோள். அனுமதி தந்தவர்கள் பத்திரம் எழுதவில்லை, கைகுலுக்கினார்கள். அந்தக் கைகுலுக்கலே ஒப்பந்தம் ஆயிற்று.

அனுமதி கிடைத்த இடங்களை இணைத்துப் பாதையை அமைக்க ஆங்காங்கே வட்டாரச் சங்கங்கள் தோன்றின. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புரூஸ் பாதைச் சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பெற்றது. கனடா நாட்டுக் கூட்டமைப்பின் நூற்றாண்டான 1967இல், ஜூன் மாதம் 10ஆம் நாள், டோபர்மோரியில் கல்லடுக்கு நினைவுச் சின்னம் ஒன்று திறக்கப்பெற்று, பாதை முழுமையடைந்ததாக அறிவிக்கப்பட்டது. முதற் கூட்டத்திற்கும் திறப்பு விழாவிற்கும் இடையே ஏழாண்டுகள்கூட நிறையவில்லை.

வேலைப் பங்கீடு

'எல்லோருடைய வேலையும் ஒருவருடைய வேலையும் அன்று' என்னும் நிலை பொதுச் சொத்துக்களுக்கு நேரும் பெருங்கேடு என்பதை நாம் அறிவோம். புரூஸ் பாதையின் தொண்டர்கள் இக்கேட்டைத் தவிர்த்த முறை மிக எளியது. பாதை முழுவதும் ஒன்பது வட்டாரச் சங்கங்களின் பொறுப்பில் பிரித்து விடப்பட்டுள்ளது. ஒவ்வொரு வட்டாரச் சங்கமும் தன் பங்கைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமிக்கிறது. அவரை அங்கே 'கேப்டன்' என்று அழைக்கின்றனர். ஆகவே எந்த இடத்தில் மரக்கிளை முறிந்து விழுந்தாலும், 'இது யாருடைய பகுதி?' என்ற கேள்விக்கு விடை உண்டு.

பொறுப்பாளரின் வேலை பெரிய வேலை அன்று. ஆனால் தவறாமல் செய்ய வேண்டிய வேலை. பனி உருகிய பின்னர் ஒரு முறையும், இலையுதிர் காலத்தில் ஒரு முறையும், தேவைப்படும்போது இடையிடையேயும் அவர் தம் பகுதியை நடந்து பார்ப்பார். வழியை மறைக்கும் புதரையும் கிளையையும் வெட்டி ஒதுக்குவார். மங்கிப்போன வண்ணக் குறிகளைப் புதுப்பிப்பார். தம்மால் இயலாதவற்றை வட்டாரச் சங்கத்திற்கு எழுதுவார். பெரிய மரம் விழுந்திருந்தால், இயந்திர ரம்பத்தில் பயிற்சி பெற்றவர்களே அதனை அறுக்க வருவர். பாலம், மரநடை, வேலியைத் தாண்டும் மரப்படி முதலியவற்றைப் பலர் கூடி ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அமைப்பர். சிறு வேலைக்குத் தனிப் பொறுப்பு, பெரு வேலைக்குக் கூட்டு உழைப்பு, ஆபத்தான வேலைக்குப் பயிற்சி பெற்ற கை என்ற இந்த மூவகைப் பிரிவை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

வண்ணக் குறிகளின் முறையும் குறிப்பிடத்தக்கது. முதன்மைப் பாதைக்கு வெள்ளைப் பட்டை. கிளைப் பாதைக்கு நீலப் பட்டை. ஒரே பட்டை இருந்தால் நேராகச் செல்லலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்தால் பாதை திரும்புகிறது என்று பொருள். மேற்பட்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ, அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். வழி தெரியாமல் போகிறவர் பயிரில் இறங்கிவிடுவார். பயிரை மிதித்தவருக்கு மறுமுறை அனுமதி கிடைக்காது. ஆகையால் ஒரு கையகல வண்ணம் நடப்பவருக்கு வழிகாட்டுவதோடு, உரிமையாளரின் பயிருக்கும் காவலாக நிற்கிறது.

தண்ணீரும் சேறும்

பாதையின் முதற் பகை தண்ணீரே. சரிவான இடத்தில் பாதை நேராக இறங்கினால், மழைநீரும் உருகிய பனிநீரும் அதனையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். மண் அரித்துச் செல்லும். கல்லும் வேரும் வெளியே தெரியும். நடப்பவர் அவற்றைத் தவிர்த்து ஓரமாக நடப்பார். ஓரத்திலிருந்த புல்லும் செடியும் மிதிபட்டு அழியும். இவ்வாறு ஒரு முழம் அகலப் பாதை சில ஆண்டுகளில் பல முழம் அகலமாகிவிடும்.

இதற்குத் தொண்டர்கள் செய்யும் பரிகாரம், வயலுக்கு நீர் பாய்ச்சத் தெரிந்த எவருக்கும் எளிதில் விளங்கும். பாதையின் குறுக்கே சாய்வாக ஒரு மரக்கட்டையையோ கல்வரிசையையோ பதித்து, ஓடிவரும் நீரைப் பக்கத்துச் சரிவில் வெளியேற்றுகின்றனர். நீர் வேகம் கொள்ளுமுன்னரே அதனைச் சிறிது சிறிதாகப் பிரித்துவிடுவதுதான் இதன் உட்பொருள். எப்பொழுதும் ஈரமாயிருக்கும் பள்ளங்களில் பலகை பரப்பி மரநடை அமைக்கின்றனர். சேறு கண்டால் சுற்றிப் போகாமல் அதன் நடுவே நடக்குமாறு நடப்பவர்களுக்கும் அறிவுறுத்துகின்றனர். ஒருவர் செருப்பைக் காத்துக்கொள்ளச் சுற்றிப் போனால், பின்வரும் நூறு பேரும் அதே சுற்றில் போய்ப் பாதையை அகலமாக்கிவிடுவர்.

இரண்டாவது பகை, வெளியிலிருந்து வந்து பரவும் உயிர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த, பூண்டு மணமுடைய கடுகினக் களை ஒன்று காட்டுத் தரையில் பரவி, அந்நிலத்துக்கே உரிய செடிகளை நெருக்கிவிடுகிறது. அதன் விதை நடப்பவர் செருப்பின் சேற்றில் ஒட்டிக்கொண்டு இடம் விட்டு இடம் செல்லக்கூடியது. ஆகவே செருப்பைத் துடைத்துவிட்டு நடப்பதும் ஒரு தொண்டாகிறது. ஆசியாவிலிருந்து வந்த பச்சை நிற வண்டு ஒன்று 2002ஆம் ஆண்டில் ஒன்டாரியோவில் கண்டுபிடிக்கப்பட்டது. அது 'ஆஷ்' என்னும் மரங்களின் பட்டைக்குள் துளைத்து அவற்றைக் கொன்று வருகிறது. பட்டுப்போன மரம் எந்நேரமும் பாதைமீது விழக்கூடும் என்பதால், அவற்றைக் கண்டறிந்து அகற்றும் வேலையும் இப்பொழுது சேர்ந்துகொண்டது.

பாதையை விட்டு விலகாதீர் என்னும் விதிக்கு மற்றொரு காரணமும் உண்டு. இம்மேட்டின் செங்குத்துப் பாறைகளில் குட்டையாகவும் கோணலாகவும் வளர்ந்திருக்கும் வெண்சீடர் மரங்களை மக்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 1988ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தபோது, அவற்றுள் பல மிகப் பழமையானவை என்றும், சில ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவை என்றும் தெரியவந்தது. நேற்று முளைத்த கன்று போல் தோன்றும் மரம் நூற்றாண்டுகளைக் கண்டதாக இருக்கலாம். அறியாது மிதிப்பவனால் நேரும் நஷ்டத்தை எந்தத் தொண்டராலும் ஈடுசெய்ய முடியாது. 1990ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இம்மேட்டை உலக உயிர்க்கோளக் காப்பகங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது.

நிலத்துக்குரியவரின் மனம்

அனுமதி தந்த குடியானவருக்குப் பாதையால் நேரடி வருமானம் எதுவும் இல்லை. கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் மாடுகள் வெளியேறும். நாயை அவிழ்த்துவிட்டால் ஆடுகள் மிரளும். நெருப்பு மூட்டினால் காடு எரியும். வாசலை அடைத்து மோட்டார் வண்டியை நிறுத்தினால் அவருடைய வண்டி வெளியே வர முடியாது. தொல்லை அவருக்கு, இன்பம் பிறருக்கு என்னும் நிலை நீடித்தால் எவரும் பொறுத்துக்கொள்ளமாட்டார்.

ஆதலால் நடப்பவர்க்கென விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. குறியிட்ட வழியிலேயே நடக்க வேண்டும். நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட இடங்களிலன்றிக் கூடாரம் அடிக்கக் கூடாது. குப்பையைத் திரும்ப எடுத்துச்செல்ல வேண்டும். உரிமையாளர் தம் நிலத்தில் வேட்டைக் காலத்திலோ வேறு காரணத்தாலோ சில நாட்கள் பாதையை மூடக் கேட்டால், சங்கம் மறுப்பின்றி மூடி அறிவிப்புச் செய்கிறது. வேண்டியபோது மூட முடியும் என்ற உறுதி இருப்பதனாலேயே, உரிமையாளர் மற்ற நாட்களில் அச்சமின்றித் திறந்து வைக்கிறார்.

சட்டமும் ஓரளவு துணைநின்றது. தம் நிலத்தில் நடப்பவர் கால் இடறி விழுந்தால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியிருக்குமோ என்பது உரிமையாளரின் இயல்பான அச்சம். 1980ஆம் ஆண்டில் ஒன்டாரியோ மாகாணம் இயற்றிய சட்டம் இவ்வச்சத்தைப் பெரும்பாலும் நீக்கியது. கட்டணம் வாங்காமல் இத்தகைய பாதையில் நடக்கவிடும் உரிமையாளர், வேண்டுமென்றே தீங்கு செய்யாமலும், பிறர் உயிரைத் துச்சமாக எண்ணி நடவாமலும் இருந்தால் போதும். மற்ற ஆபத்துக்களை நடப்பவர் தாமே ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். பாதை இலவசமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பலர் அறியார்.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவிய வசந்த காலத்தில் பாதை முழுவதையும் சில காலம் மூட வேண்டியதாயிற்று. குறியும் காவலும் எத்தனை இருப்பினும், உரிமையாளரின் இசைவும் நடப்பவரின் கட்டுப்பாடுமே பாதைக்கு உயிர் என்பது அப்பொழுது மீண்டும் விளங்கிற்று.

வாய்ச்சொல்லின் பலமும் பலவீனமும்

கைகுலுக்கலால் பிறந்த பாதை என்று மேலே கூறினோம். அதன் பலத்தை முதலில் காண்போம். அதற்கு முத்திரைத்தாள் செலவு இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை, தயங்கி நிற்கும் குடியானவரும் எளிதில் இசைவார். ஏழாண்டுக்குள் பாதை முழுமையடைந்தது இதனாலேதான். பத்திரம் எழுதித் தந்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் செய்திருந்தால், பாதை இன்றளவும் வரைபடத்திலேயே இருந்திருக்கும்.

அதன் பலவீனமோ காலம் செல்லச் செல்லத்தான் தெரிந்தது. சொல் தந்தவர் முதுமையடைவார், நிலம் கைமாறும். புதிய உரிமையாளரைப் பழைய கைகுலுக்கல் கட்டுப்படுத்தாது. அவர் மறுத்தால், நடப்பவர்கள் காட்டை விட்டுத் தார்ச் சாலைக்கு இறங்கி, மோட்டார் வண்டிகளுக்கு ஒதுங்கி நடந்து, அடுத்த இசைவு உள்ள நிலத்தில் மீண்டும் மேலேற வேண்டும். நிலத்தின் விலை ஏறிய வட்டாரங்களில் இத்தகைய துண்டிப்புக்கள் நேர்ந்தன.

மேட்டின் நிலை குறித்து அரசாங்கமும் கவலை கொள்ளத் தொடங்கிற்று. 1962இல் மில்டன் என்னும் ஊருக்கருகே கல் எடுப்பதற்காக மேட்டின் முகப்பில் வெடி வைத்துப் பிளந்த இடைவெளி தூரத்துச் சாலையிலிருந்தே கண்ணில் பட்டு, பொதுமக்களின் மனத்தை வருத்தியது. மாகாண அரசின் வேண்டுகோளின்படி பேராசிரியர் லெனார்ட் கெர்ட்லர் ஆராய்ந்து 1968இல் அறிக்கை அளித்தார். 1973இல் இம்மேட்டின் அபிவிருத்தியை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அதன்கீழ் 1985இல் முழுத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. கட்டடமும் சுரங்கமும் எங்கே அமையலாம், எங்கே கூடாது என்பதை அத்திட்டம் வரையறுத்தது. ஆனால் சட்டம் நிலத்தைக் காத்தாலும், அதன்மேல் பிறர் நடக்கும் உரிமையைத் தந்துவிடாது. அது தனி முயற்சியால் தேட வேண்டியதாகவே இருந்தது.

ஆகவே தொண்டர்கள் தங்கள் போக்கை மாற்றினர். அங்கத்தினர் சந்தாவும் நன்கொடையும் திரட்டி, விற்பனைக்கு வரும் நிலத்தை வாங்கினர். சிலர் தம் நிலத்தைத் தானமாக வழங்கினர். நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதனை இன்னவாறு காக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் பத்திரத்தில் பதிவு செய்து, பின்வரும் உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் முறையும் உண்டு. 2007ஆம் ஆண்டு முதல் சங்கம் 'புரூஸ் பாதைப் பாதுகாப்புக் கழகம்' என்று பொருள்படும் பெயரை ஏற்றது. இன்று பாதையின் பாதிக்கு மேற்பட்ட நீளம் நிரந்தரப் பாதுகாப்பின் கீழ் வந்துள்ளது. எஞ்சியது இன்னமும் உரிமையாளர்களின் நல்லெண்ணத்தையே நம்பியிருக்கிறது.

முன்னோர் கைகுலுக்கலை நம்பியது பிழையன்று. நல்லெண்ணத்தால் தொடங்கினர், ஒழுக்கத்தால் அதனை வளர்த்தனர், அது வலுவாக இருந்த காலத்திலேயே நிலையான ஏற்பாடாக மாற்றத் தொடங்கினர். நல்லெண்ணம் கெட்ட பின்னர் பத்திரத்தை நீட்டினால், எவரும் கையெழுத்திடமாட்டார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

நம் சங்கங்களிலும் வாய்ச்சொல்லின் பேரில் நடைபெறும் ஏற்பாடுகள் பல உண்டு. ஒருவருடைய திண்ணையில் நூல் கட்டுக்கள் இறக்கப்படுகின்றன. ஒருவருடைய களத்தில் பலருடைய தானியம் காய்கிறது. ஒருவருடைய வரப்பின் வழியே சங்க வண்டி சென்று வருகிறது. தந்தவர் நல்லவர், கேட்டவரும் நல்லவர். ஆகவே எழுத்து வேண்டியதில்லை என்று இருந்துவிடுகிறோம். அவருடைய மகன் காலத்தில் பூசல் எழுகிறது. அத்தகைய ஏற்பாடு ஒவ்வொன்றையும் நிர்வாகக் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் குறித்து, தந்தவருக்கு நன்றியும் தெரிவித்து, தக்க காலத்தில் இருதரப்புக்கும் ஏற்ற எழுத்துமூல ஒப்பந்தமாக்கிக்கொள்வது அவசியம்.

பொதுச் சொத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். அங்கத்தினர் யாவரும் கவனிப்பர் என்று பேரவையில் தீர்மானம் நிறைவேற்றினால் ஒருவரும் கவனியார். கிடங்கின் கூரைக்கு இன்னார், சாயப் பட்டறையின் வடிகாலுக்கு இன்னார் என்று எழுதி, ஆண்டுக்கு இருமுறை பார்வையிட்டுக் குறிப்புத் தர வேண்டும் என்று வகுத்துவிட்டால் வேலை நடைபெறும்.

மூன்றாவது பாடம், பழுது சிறிதாயிருக்கும்போதே அதனைத் தடுக்க வேண்டும் என்பது. நீர் வேகம் கொள்ளுமுன் அதனைத் திருப்பிவிடும் தொண்டர், அரித்த பள்ளத்தை நிரப்பும் வேலையிலிருந்து தப்புகிறார். கடன் தவணை தவறிய முதல் மாதத்திலேயே அங்கத்தினரின் வீட்டிற்குச் சென்று அன்புடன் விசாரிக்கும் சங்கமும் அவ்வாறே பின்னால் வரும் வழக்குகளிலிருந்து தப்புகிறது.

விவாதக் குழுக்களுக்கான வினாக்கள்

1. நம் சங்கத்தின் பணிகளில் எவை பிறருடைய வாய்மொழி அனுமதியை நம்பி நடைபெறுகின்றன? அவ்வனுமதி நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்?

2. நம் பொதுச் சொத்துக்களில் பொறுப்பாளர் பெயர் இல்லாதவை எவை? இம்மாதத்திற்குள் எவருடைய பெயரை எழுதலாம்?

3. நமக்கு உதவி செய்யும் அயலாருக்கு நம்மால் நேரும் தொல்லைகள் யாவை? அவற்றை அவரிடமே சென்று கேட்டதுண்டா?

4. சிறு வேலை, பெரு வேலை, ஆபத்தான வேலை என்று நம் பராமரிப்புப் பணிகளைப் பிரித்தால், ஒவ்வொன்றையும் யாரிடம் ஒப்படைப்பது தகும்?

5. இன்று பொறுப்பிலுள்ள மூத்த அங்கத்தினருக்குப் பின்னர் அவ்வேலையைச் செய்ய இளைஞர் எவரைப் பழக்கி வருகிறோம்?

அடுத்த விவாதக் கூட்டத்தில் இவ்வினாக்களுக்கு விடை காண முயலுமாறும், முதல் இரு வினாக்களின் விடைகளை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ளுமாறும் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.